பையனை எந்த ஹோமில் விடலாம், டீச்சர்?



வழக்கமாக நான் பழைய பள்ளிக்கூடப் படமும், உங்கள் கல்யாண நாள் வாழ்த்தும்தான் போடுவேன். இன்றைக்கு எழுதுவது கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள். இதில் நான் செய்த ஒரு தவறும் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மற்றவர்களுக்குப் புத்தி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் ஒரு அம்மா வீட்டுக்கு வந்தார். அவருடைய மூத்த மகள் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அப்பாவுக்கு நிட்டிங்கில் நைட் ஷிப்ட். இளையவன் பத்தாம் வகுப்பு. உட்காரச் சொல்வதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சருங்க, பையன் கைமீறிப் போயிட்டானுங்க. பள்ளிக்கூடத்துக்குன்னு கெளம்பறான், ஆனா போறதில்லீங்க. கூல் லிப் வெக்கறான். காசு தரலீன்னா கையில கெடைச்சதத் தூக்கி எறியறான். அவங்கப்பா அடிச்சும் பாத்துட்டாருங்க. இனி எங்களால ஆகாதுங்க."

கையில் ஒரு நோட்டீஸ் வைத்திருந்தார். பஸ் ஸ்டாப்பில் கொடுத்தார்களாம். 'போதை, செல்போன் அடிமை, பெற்றோர் சொல் கேளாமை, படிப்பில் நாட்டமின்மை, அனைத்துக்கும் 90 நாளில் தீர்வு. வீட்டுக்கே வண்டியுடன் வந்து அழைத்துச் செல்வோம். முதல் 45 நாள் பெற்றோர் பார்க்க அனுமதி இல்லை.' கீழே இரண்டு செல் நம்பர். முகவரி இல்லை. பதிவு எண் இல்லை. டாக்டர் பெயரும் இல்லை.

"மாசம் 15,000 கேக்கறாங்க. சீட்டு எடுத்துக் கட்டிரலாம்னு இருக்கறோம். நல்ல எடமுங்களா டீச்சர்? நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுர்றேனுங்க."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஏனென்றால் 2016ல் இன்னொரு அம்மா இதே மாதிரி வந்து இதையே கேட்டார். அன்றைக்கு நான், "விடுங்க, நல்லாயிருவான்" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பையன் எட்டாவது வரை எங்கள் பள்ளி. கணக்கில் கெட்டி. ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போனவன், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்து பார்க்கப் பழகிவிட்டான். அப்போது அவனுக்கு 15 வயது. தெரிந்தவர் ஒருவர் ஒரு மறுவாழ்வு இல்லத்தின் நம்பர் கொடுத்திருந்தார். நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. யார் நடத்துகிறார்கள் என்று கேட்டதில்லை. நம்பரை அப்படியே அந்த அம்மாவிடம் கொடுத்தேன். டீச்சரே சொல்லிவிட்டார் என்று அவரும் எதையும் கேட்கவில்லை.

விடிகாலை ஐந்து மணிக்கு நாலு பேர் காரில் வந்திருக்கிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த பையனைத் துண்டால் கை கட்டித் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அம்மாவிடம் ஒரு வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரே ஹாலில் முப்பது பேர். அத்தனை பேரும் குடிக்காக வந்த பெரிய ஆட்கள், நடுவில் இவன் ஒருவன். அவர்கள் எடுக்கும் வாந்தியைக் கழுவுவது இவன் வேலை. எதிர்த்துப் பேசினால் இரவெல்லாம் முட்டி போட வேண்டும். என்ன மாத்திரை என்று தெரியாமல் விழுங்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை அம்மாவிடம் போனில் பேசலாம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்பான். "நல்லா இருக்கேம்மா" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வான் அந்தப் பிள்ளை?

72 நாள் கழித்து வந்தான். அவன் அம்மா என்னிடம் வந்து, "ரொம்ப அமைதியாயிட்டானுங்க டீச்சர், உங்களக் கையெடுத்துக் கும்புடறேனுங்க" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். நல்ல காரியம் செய்தேன் என்று இரண்டு மூன்று பேரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

2019ல் என்னுடைய பணி நிறைவு விழாவுக்கு அவனும் வந்திருந்தான். கூட்டம் கலைந்த பிறகு, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கடைசியாக, "நல்லதுன்னு நெனச்சுத்தான் சொன்னீங்க டீச்சர். ஆனா ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது அவன் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். கல்யாணம் ஆகிவிட்டது. இதை எழுதலாமா என்று கேட்டேன். "என்ற பேரு வேண்டாம், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றான். அந்த இல்லம் இப்போது இல்லை. போர்டைக் கழற்றிவிட்டுப் போய்விட்டார்கள், இடம் குடோன் ஆகிவிட்டது. யாரும் விசாரிக்கப்படவில்லை. எந்த அதிகாரியும் அங்கே வந்து அவன் பார்த்ததில்லை. நான் உட்பட யாரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

இது ஏதோ ஒரு இடத்தில் நடந்த தப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. பத்திரிகைகளில் நாம் எல்லோரும் படித்ததைத்தான் ஞாபகப்படுத்துகிறேன்.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தில் விடிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது, இப்படிப்பட்ட காப்பகங்கள் மூடப்பட்டன.

2014 ஜூன். நம் பக்கத்துப் பொள்ளாச்சி. ஒரு தனியார் விடுதியில் இரவில் புகுந்த ஆள், அங்கே தங்கியிருந்த இரண்டு சிறுமிகளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சீரழித்தான். அந்த ஆண்டுதான் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது.

2022 அக்டோபர். இது நம் வீட்டு வாசலில், திருமுருகன்பூண்டியில் நடந்தது. விஜயதசமிக்கு மறுநாள், ஆதரவற்ற சிறுவர்களுக்கான ஒரு தனியார் இல்லத்தில் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். பத்துப் பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், இல்லம் மூடப்பட்டது. அவிநாசி ரோட்டில் அந்தப் பக்கமாக எத்தனை தடவை பஸ்ஸில் போயிருப்போம். உள்ளே எத்தனை பிள்ளைகள், ராத்திரி யார் கூட இருக்கிறார்கள் என்று நம்மில் ஒருவராவது கேட்டிருப்போமா?

அதே 2022 டிசம்பர் 31. இது அரசே நடத்தும் இடம். செங்கல்பட்டு சிறார் இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன், திருட்டு வழக்கில் பிடிபட்டு உள்ளே போன ஓரிரு நாளில் இறந்தான். பிரேதப் பரிசோதனையில் காயங்கள் தெரிந்தன. இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்து, அரசு இல்லங்கள் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னது அரசு. அவர் 2023ல் அறிக்கை கொடுத்தார்.

2023 பிப்ரவரி. விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர், அன்பு ஜோதி ஆசிரமம். உரிய அனுமதி இல்லாமல் பல வருஷம் நடந்திருக்கிறது. 140 பேர் அளவுக்கு மீட்கப்பட்டார்கள், கொடுமைகள் வெளியே வந்தன, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அது எப்படி வெளியே வந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். காணாமல்போன ஒரு முதியவரைத் தேடிய உறவினர் தரப்பு விடாப்பிடியாக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டது. அதனால்தான் தெரிந்தது. எந்த ஆய்வாலும் தெரியவில்லை.

இவை எல்லாம் ஒரே மாதிரியான இடங்கள் இல்லை. ஒன்று மனநலக் காப்பகம், ஒன்று ஆதரவற்றோர் இல்லம், ஒன்று அரசின் கூர்நோக்கு இல்லம். ஆனால் உள்ளே இருந்தவர்களின் நிலைமை ஒன்றுதான். கதவு வெளியே பூட்டியிருக்கும். உள்ளே இருப்பவர் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். 'பைத்தியம்', 'திருடன்', 'குடிகாரன்', 'அடங்காத பையன்' என்று முதலிலேயே பெயர் வைத்தாகிவிட்டது. அவன் "அடிக்கறாங்க" என்றால், "வெளியே வர்றதுக்குப் பொய் சொல்றான்" என்று பெற்ற தாயிடமே சொல்லி நம்பவைத்துவிடலாம்.

சரி, சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. இந்த ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது. இத்தனையும் எழுதி வைத்திருக்கிறார்கள், 36 வருஷம் ஆசிரியராக இருந்த எனக்கே தெரியவில்லை.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகளையோ, சட்டத்துடன் முரண்பட்ட குழந்தைகளையோ வைத்திருக்கும் எந்த இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாமல் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு போக வேண்டும். குழுவில் குறைந்தது மூன்று பேர், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்க வேண்டும். இல்லத்தில் வேலை செய்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து வருஷம் வரை கடுங்காவல்.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. குடி, போதையால் வரும் மனப் பாதிப்புக்குச் சிகிச்சை தரும் இடமும் இதற்குள் வரும். அதில் 87ஆம் பிரிவு 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கானது. அதைப் பெற்றோர் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு சிறுவனை உள்நோயாளியாகச் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, சேர்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக் கூடாது. பெற்றோர், அல்லது பெற்றோர் நியமிக்கும் ஒருவர், சேர்த்த நாள் முதல் அனுப்பும் நாள் வரை கூடவே தங்க வேண்டும். சேர்த்த தகவல் 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் போக வேண்டும். 30 நாளைத் தாண்டினால் வாரியமே அதை மறுஆய்வு செய்ய வேண்டும். சங்கிலியால் கட்டுவது யாருக்குமே கூடாது.

இப்போது அந்த நோட்டீஸை மறுபடியும் படியுங்கள். 'முதல் 45 நாள் பெற்றோர் பார்க்க அனுமதி இல்லை.' சட்டம் கூடவே தங்கு என்கிறது. நோட்டீஸ் பார்க்கவே கூடாது என்கிறது. அதைத் தைரியமாக அச்சடித்து பஸ் ஸ்டாப்பில் கொடுக்கிறார்கள் என்றால், யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு எவ்வளவு இருக்கிறது!

ஓட்டை எங்கே என்றால், பெயரில். குழந்தைகள் இல்லம் என்றால் குழந்தைகள் பாதுகாப்புத் துறை. சிகிச்சை மையம் என்றால் சுகாதாரத் துறை. விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி கலெக்டரிடம் உரிமம். ஆனால் 'ஒழுக்கப் பயிற்சி முகாம்', 'குருகுலம்', 'ஆளுமை வளர்ச்சி அகாடமி' என்று போர்டு மாட்டினால்? ஒரு துறை வந்தால் இது சிகிச்சை இல்லை என்று சொல்லலாம். இன்னொரு துறை வந்தால் இவர்கள் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லை, அப்பா அம்மாவே பணம் கட்டி விட்டிருக்கிறார்கள் என்று சொல்லலாம். மூன்று துறைக்கும் நடுவில் பிள்ளை மாட்டிக்கொள்கிறது. அபராதமும் பயமுறுத்துகிற மாதிரி இல்லை. மனநலச் சட்டப்படி பதிவு இல்லாத மையத்துக்கு முதல் தடவை 5,000 முதல் 50,000 ரூபாய் வரைதான். மாதம் 15,000 வீதம் முப்பது பேரிடம் வாங்குகிற ஆளுக்கு அது மிஞ்சிப்போனால் மூன்று நாலு நாள் வசூல்.

ஆய்வைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை. உங்களில் பாதிப் பேர் கம்பெனியில்தானே இருக்கிறீர்கள். பையர் ஆடிட் வருகிறது என்றால் என்ன நடக்கும்? ஒரு வாரம் முன்பே தேதி தெரியும். ஃபயர் எக்ஸ்டிங்குஷரைத் துடைப்பார்கள், முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறையும், கழிவறையில் சோப்பு வரும், கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். ஆடிட்டர் போன மறுநாள் சோப்பு ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்தக் கட்டடத்தில் இருந்த கம்பெனிகளிலும் ஆடிட் நடந்துதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தத்தில்தான் ஆய்வு அறிக்கைகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். நிலைமை மாறத் தொடங்கியதற்கு அது ஒரு காரணம்.

ஒரு பனியனுக்கே நாம் எத்தனை செக்கிங் வைத்திருக்கிறோம்! துணியில் ஹோல் பார்க்கிறோம், தைத்த பிறகு பார்க்கிறோம், அயர்னுக்கு முன்னால் பார்க்கிறோம், பேக்கிங்கில் பார்க்கிறோம். டேமேஜ் ஒன்று தப்பிப் போனால் யார் டேபிளில் தவறியது என்று நம்பர் போட்டுக் கேட்கிறோம். பிள்ளைகள் விஷயத்தில் அந்த நம்பர் யாருக்கும் இல்லை.

இதை வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் சரியாகச் செய்துவிட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் அடங்காத பிள்ளைகளைத் திருத்துகிறோம் என்று சொல்லி ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. அங்கேயும் நடுராத்திரி வந்து தூக்கிக்கொண்டு போகிறார்கள், அங்கேயும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். சின்ன வயதில் யூட்டா மாநிலத்தில் அப்படி ஒரு பள்ளியில் இருந்த பாரிஸ் ஹில்டன் என்ற பிரபலம், வளர்ந்த பிறகு வெளியே வந்து சாட்சி சொன்னார். அதற்கப்புறம் 2021ல் அந்த மாநிலம் சட்டத்தை இறுக்கியது. வருஷத்துக்கு நாலு முறை ஆய்வு, பிள்ளை வாரம் ஒருமுறை வீட்டாரோடு தனியாக, யாரும் ஒட்டுக்கேட்காமல் பேச வேண்டும் என்று விதி வந்தது. 2024 டிசம்பரில் நாடு முழுக்க ஆய்வு செய்யச் சொல்லி ஒரு சட்டம் வந்தது. அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி வாய் திறந்ததால் வந்தவை இவை. நம் ஊர்ப் பிள்ளைகள் நாற்காலி அடுக்கும்போது மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதற்கு நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலாவது, "அடியாத மாடு படியாது டீச்சர், நீங்களே எங்கள அடிச்சிருக்கீங்களே?" உண்மை. 1980களில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பிரம்பு இல்லாமல் வகுப்புக்குப் போனதில்லை. அடித்த பிறகு வகுப்பு அமைதியாக இருக்கும், பாடம் ஏறுகிறது என்று நினைத்துக்கொள்வேன். பயந்த பிள்ளை அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் அது கற்றுக்கொண்டிருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2009 கல்வி உரிமைச் சட்டம் அடியைத் தடை செய்வதற்கு முன்பே நான் பிரம்பை விட்டுவிட்டேன் என்பது மட்டும்தான் எனக்குள்ள சமாதானம். என்னிடம் அடி வாங்கியவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள். 72 நாள் கழித்து வந்த பையனின் அமைதியையும் நான் அதே மாதிரித்தான் தப்பாகப் படித்தேன்.

இரண்டாவது, "கெடுபிடி அதிகமானால் நல்ல இல்லங்களும் மூடிவிடுமே?" இது நியாயமான கேள்வி. சொத்தை விற்றுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சின்னச் சின்னச் சான்றிதழுக்காக அவர்களை நாலு ஆபீசுக்கு அலையவிடுவது தவறு. ஒரே இடத்தில் பதிவு முடிய வேண்டும், குறை இருந்தால் சரிசெய்ய அவகாசமும் உதவியும் தர வேண்டும். ஆனால் கதவைத் திறந்து காட்டமாட்டேன் என்பவருக்கு எந்த அவகாசமும் தேவையில்லை. நல்ல இல்லத்துக்கு ஆய்வு ஒரு பாரமே இல்லை.

மூன்றாவதுதான் கஷ்டமான கேள்வி. "காலையில் எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருகிற அம்மா வேறு என்ன செய்வாள்?" உண்மையில் அந்த நோட்டீஸ்காரர்கள் விற்பது சிகிச்சையை அல்ல. களைத்துப்போன பெற்றோருக்கு 90 நாள் ஓய்வை விற்கிறார்கள். நம் ஊரில் ஓவர்டைம் இருக்கிறது, ஆனால் சாயங்காலம் பள்ளிவிட்டு வரும் 14 வயதுப் பிள்ளை போய் உட்கார ஒரு இடம் இல்லை. இதற்கு வழி செய்யாமல் ஹோம்களை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை.

அரசாங்கத்திடம் நான் கேட்பது நான்கே விஷயம். எங்கள் ஊர் மாணவர்களில் அரசு வேலையில் இருப்பவர்கள் இதை மேலே கொண்டுபோங்கள்.

1. போர்டில் என்ன பெயர் இருந்தாலும், 18 வயதுக்குக் கீழே உள்ள ஒரு பிள்ளையை வீட்டுக்கு வெளியே ராத்திரி தங்கவைத்துத் 'திருத்துகிற' எந்த இடமும் ஒரே பட்டியலில் வர வேண்டும். அந்தப் பட்டியல் கலெக்டர் ஆபீஸ் சுவரிலும் இணையத்திலும் இருக்க வேண்டும்.

2. ஆய்வு சொல்லாமல் போக வேண்டும், ராத்திரியிலும் போக வேண்டும். பிள்ளையை ஊழியர் இல்லாமல் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும். அறிக்கை வெளியே வர வேண்டும்.

3. 1098 நம்பர் உள்ளே பிள்ளை கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்க வேண்டும். அதைக் கூப்பிட ஒரு போனும் அவன் கைக்கு எட்ட வேண்டும்.

4. மூடிய இல்லத்தின் உரிமையாளர் வேறு பெயரில் வேறு தாலுகாவில் திறக்க முடியாதபடி செய்ய வேண்டும். வெளியே வந்த பிள்ளைகளை ஆறு மாதம் கழித்து ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். உண்மை அப்போதுதான் வரும்.

பெற்றோராக இருக்கும் என் மாணவர்களுக்கு: எங்காவது விடுவதற்கு முன் நீங்களே நேரில் போங்கள். பதிவு எண் என்ன, எந்தச் சட்டத்தில், சான்றிதழ் எங்கே? மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருவார்? பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே ஹாலிலா? படுக்கும் இடம், கழிவறை, சமையலறை மூன்றையும் பார்க்க விடுவார்களா? நான் கூடத் தங்கலாமா, நினைத்த நேரம் வரலாமா? இதில் ஒன்றுக்கு மழுப்பினாலும் திரும்பி வந்துவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆள் அனுப்பித் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

முதலாளிகளாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தநாள், திதி, கம்பெனி ஆண்டுவிழா என்று இல்லங்களுக்குச் சாப்பாடு போடப் போகிறீர்கள். நல்ல பழக்கம், விடாதீர்கள். ஆனால் பரிமாறிவிட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாதீர்கள். பிள்ளைகளின் முகத்தைப் போடவும் கூடாது. பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். சமையலறையை எட்டிப் பாருங்கள். ராத்திரி யார் துணை என்று கேளுங்கள். போன தடவை பார்த்த பிள்ளை இந்தத் தடவை இல்லை என்றால் எங்கே என்று கேளுங்கள். பணம் கொடுப்பவர் கேட்டால் பதில் வரும். அரசாங்கத்தின் ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நீங்கள் மாதம் முப்பது நாளும் யாராவது ஒருவர் போகிறீர்கள்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நோட்டீஸை வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் நானே அவர்களோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். டாக்டர் பையனிடம் தனியாகப் பேசினார். சேர்க்கத் தேவையில்லை, வாரம் ஒருமுறை கூட்டி வாருங்கள் என்றார். அந்த அம்மா வேலை செய்யும் கம்பெனியின் மேனேஜர் என் பழைய மாணவன். அவனிடம் பேசினேன். இந்தப் பரீட்சை முடியும்வரை அஞ்சரைக்கே அனுப்புகிறேன் டீச்சர் என்றான். அவனுக்கு என் நன்றி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நேற்று அந்த அம்மா போன் செய்தார். பையன் வியாழக்கிழமை மறுபடியும் பள்ளிக்குப் போகவில்லையாம். ஆனால் சாயங்காலம் வந்து தானாகவே, "இன்னைக்குப் போகலம்மா" என்று சொல்லியிருக்கிறான். "மொத தடவையா உண்மையச் சொல்றானுங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரமும் நான் கூடப் போகிறேன்.

மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098. இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள். உங்களில் யாராவது அப்படி ஒரு இடத்தில் இருந்து வந்திருந்தால், அல்லது பிள்ளையை விட்டுவிட்டு இப்போது மனசு உறுத்துகிறதென்றால், எனக்குத் தனியாக எழுதுங்கள். வெளியே சொல்லமாட்டேன். புகார் கொடுக்க வேண்டுமென்றால் துணைக்கு வருகிறேன். இந்த முறை நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்
உங்கள் டீச்சர்